நந்தியின் வயிற்றில் துரு

கரட்டு மடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் பெயர் நந்தி.

மடம் காங்கேயத்துக்குத் தெற்கே, கருங்கரடு என்ற சிறு குன்றின் அடியில் இருந்தது. மடத்தை ஆரம்பித்த பெரியசாமி அந்த வண்டியில்தான் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவார். கறுப்பு வண்டி. கனத்த வண்டி. வழியில் மாடு படுத்திருந்தால் ஹாரன் அடிக்க மாட்டார். மாடு எழுந்திருக்கும்வரை நிற்பார். அதைப் பார்த்து யாரோ வண்டிக்கு நந்தி என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்தது விளையாட்டுக்கு. பெரியசாமி சமாதியான பிறகு அது விளையாட்டாக இல்லை.

நந்திக்குத் தகரக் கொட்டகை வந்தது. ஹேண்டில்பாரில் மாலை விழுந்தது. ஹெட்லைட்டுக்கு விபூதிப் பட்டை போட்டார்கள். வியாழக்கிழமைதோறும் விடியற்காலையில் தண்ணீர், பால், பன்னீர் என்று வரிசையாக அபிஷேகம் நடந்தது.

கோயில் நந்தியின் காதில் வேண்டுதல் சொல்வது ஊர் வழக்கம். மோட்டார் சைக்கிளுக்குக் காது இல்லை. ஆனால் பெட்ரோல் டேங்குக்கு வாய் உண்டு. மூடியைத் திருகி எடுத்து, குனிந்து, வேண்டுதலை உள்ளே சொல்லிவிட்டு மூடினார்கள். காலி டேங்க் 'ம்ம்ம்' என்று முழங்கியது. பக்தர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சிலர் சொன்னதோடு நிற்காமல், நினைவிருக்கட்டும் என்று எதையாவது உள்ளே போட்டுவிட்டும் போனார்கள்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் சென்னியப்பன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தவர். அறுபதைத் தாண்டியவர். மண்டியை மகன்களிடம் விட்டுவிட்டுப் பெரியசாமியின் காலடிக்கு வந்து சேர்ந்தவர். பெரியசாமியின் கைத்தடி, மூக்குக் கண்ணாடி, மரப் பாதக்குறடு எல்லாம் இருக்கும் நினைவறையின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது.

பெரியசாமிக்குப் பிறகு மடம் சென்னியப்பனிடம் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சென்னியப்பனும் நினைத்தார். பெரியசாமி கை காட்டியது லாரி புக்கிங் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்த ஓர் இளைஞரை. சென்னியப்பனின் இளைய மகனைவிட இரண்டு வயது குறைவு. ஊர் அவரைச் சின்னச்சாமி என்று அழைத்தது. சென்னியப்பனும் அப்படித்தான் அழைத்தார். 'சின்ன' என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்.

சின்னச்சாமியிடம் அவர் கண்ட குறைகள் பல. அதில் முதலாவது கொட்டாவி. வியாழக்கிழமை காலை அடியார்களுக்குப் பேசும்போது சின்னச்சாமி கட்டாயம் கொட்டாவி விடுவார்.

"குருவாரத்துல கொட்டாவி உடற குருவை நான் எங்கயும் பாத்ததில்லே" என்று சென்னியப்பன் சமையல்கட்டில் போய்ச் சொல்வார்.

"ராத்திரி கண்ணு முழிச்சுப் படிக்கிறாரோ என்னமோ" என்பார் சமையல் செய்யும் செங்கமலம்.

"படிக்கிற மூஞ்சியா அது? போம்மா."

ஒவ்வொரு வருடமும் குருபூஜை அன்று பெரியசாமியின் பாதக்குறடு நந்தியின் மேல் ஏறிக் கரட்டு உச்சிக்குப் போய்வர வேண்டும். ஓட்ட வேண்டியவர் மடத்துச் சாமி. சின்னச்சாமி வந்த முதல் வருடம் நந்தி இருமிக்கொண்டே ஏறியது. இரண்டாம் வருடம் பாதியில் நின்றது; பக்தர்கள் தள்ளினார்கள். மூன்றாம் வருடம், குருபூஜைக்கு ஒரு மாதம் இருக்கையில் உதைத்துப் பார்த்தார்கள். இருமல்கூட இல்லை.

"நந்தி இவரை ஏத்துக்கலீங்க" என்றார் சென்னியப்பன். ஒருவரிடம் சொன்னார். அது போதும்.

மடத்து டிரஸ்டின் தலைவர் நாச்சிமுத்து. எண்ணெய் மில் வைத்திருப்பவர். ஒரு நாள் வந்து சின்னச்சாமியின் முன்னால் சங்கடத்தோடு உட்கார்ந்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க சாமி. சனங்க ஒரு மாதிரிப் பேசுது. இந்தத் தடவை நந்தி மேல ஏறலீன்னா, மடத்துக்கு வேற ஏற்பாடு பண்ணச் சொல்றாங்க."

"சரிங்க."

"என்னங்க, சரின்னுட்டீங்க?"

"வண்டி ஏறலீன்னா நடந்துதான் போகோணும். அதுல என்ன இருக்குதுங்க?"

நாச்சிமுத்துவுக்கு அந்தப் பதில் கரட்டைப் பற்றியதா மடத்தைப் பற்றியதா என்று புரியவில்லை. மோர் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை சென்னியப்பன் வந்தார். கும்பிட்டார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா சாமி?"

"கேளுங்கண்ணா."

"பெரியசாமி காலத்துல ஓடுன வண்டி, உங்க காலத்துல ஏனுங்க ஓட மாட்டேங்குது?"

"கழட்டிப் பாருங்க."

"யாருங்க?"

"நீங்கதான். நான் தொட்டா நந்திக்கு ஆகாதுன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாங்களாமே."

சென்னியப்பன் நிலத்தைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைக் கூட்டிவரப் போனார்.

மெக்கானிக் ஜபருல்லா கொட்டகை வாசலுக்கு வந்ததும் சென்னியப்பன் கையை நீட்டித் தடுத்தார்.

"செருப்பைக் கழட்டீட்டு வாங்க."

ஜபருல்லா கழட்டினார்.

"தொடறதுக்கு முந்தி ஒரு கும்பிடு போடுங்க."

"சலாம் போட்டா ஒத்துக்குமுங்களா?"

சென்னியப்பன் யோசித்தார். "பெரியசாமி ஒத்துக்குவாரு. போடுங்க."

ஜபருல்லா பெட்ரோல் குழாயைப் பிடுங்கினார். செம்மண் குழம்பு போல ஏதோ சொட்டியது. டேங்கைக் கழற்றினார். ஓர் அலுமினியச் சட்டியில் கவிழ்த்தார்.

முதலில் பழுப்புத் தண்ணீர் வந்தது. பிறகு துருச் செதில்கள். பிறகு கிராம்பு, எலுமிச்சை விதை, சந்தனக் கட்டி, சில்லறைக் காசு, ஒரு மெட்டி. கொட்டகை முழுவதும் பன்னீர் மணத்தது.

ஜபருல்லா சட்டியை முகர்ந்து பார்த்தார்.

"இதுல பெட்ரோல் எப்பங்க ஊத்துனீங்க?"

"போன குருபூஜைக்கு."

"அப்புறம் ஊத்துனதெல்லாம் இதுங்களா?"

சென்னியப்பன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இத்தனை தண்ணி எப்படீங்க உள்ள போச்சு?" என்றார்.

"ஊத்துனா போகுமுங்க."

வாசலில் நின்ற செங்கமலம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

ஜபருல்லா மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் திறந்து மூடித் தேய்ந்து நூலாகிவிட்டிருந்தது. "மேல ஊத்துனதெல்லாம் நேரா உள்ளதான் எறங்கியிருக்குது. தண்ணி கனம். அடியில போய் நிக்கும். துருப்பிடிக்காம என்ன பண்ணும்? வேற டேங்க் போட்டுக்கலாமுங்க. கோயமுத்தூர்ல கெடைக்கும்."

"நந்திக்குத் தலையை மாத்தச் சொல்றீங்களா?"

"நான் அதை வயிறுன்னு நெனைச்சுட்டேன்."

"எதுவா இருந்தாலும் மாத்த முடியாது."

"அப்பக் கழுவுங்க. புளியைக் கெட்டியாக் கரைச்சு ஊத்தி, ஒரு பிடி சரளைக்கல்லு போட்டு, வாயை அடைச்சுக் குலுக்கோணும். நல்லாக் குலுக்கோணும்."

ஜபருல்லா போன பிறகு சின்னச்சாமி கொட்டகைக்கு வந்தார்.

"காரணம் தெரிஞ்சுதாண்ணா?"

"துருங்க சாமி."

"துரு எப்படி வந்துச்சாம்?"

சென்னியப்பன் மூடியைத் துண்டுக்குள் மறைத்தார். "பழசாச்சுங்களே."

"அதுவும் சரிதான். பழசானா கொஞ்சம் துருப்பிடிக்கும்" என்றார் சின்னச்சாமி. சட்டியைப் பார்த்தார். மெட்டியை எடுத்துத் துடைத்தார். "இது யாருதுன்னு கேட்டுக் குடுத்துருங்க. தேடிட்டு இருப்பாங்க."

சென்னியப்பன் சமையல்கட்டுக்குப் போனார்.

"கொஞ்சம் புளி வேணும்."

"எதுக்குங்க?"

"நந்திக்கு."

"ரசம் வெக்கப் போறீங்களா?"

"துரு எடுக்க."

"பித்தளை அண்டா வெளக்க நான் புளி எடுத்தப்போ, மடத்துப் புளியை வீணாக்காதேன்னு சத்தம் போட்டது யாருங்க?"

சென்னியப்பன் நின்றுகொண்டே இருந்தார். செங்கமலம் கடைசியில் பழைய புளிப் பானையை நகர்த்தினார். "எடுத்துக்கங்க. கொட்டையெல்லாம் நீங்களே எடுங்க."

புளித்தண்ணீரும் சரளையும் உள்ளே போயின. ஓட்டைகளைக் கார்க்கால் அடைத்தார்கள். டேங்கைச் சாக்கின் மேல் வைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, சின்னச்சாமியும் சென்னியப்பனும் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினார்கள். சரளை கடகடவென்று உருண்டது.

இப்படி எதிரெதிரே உட்கார்ந்து அவர்கள் எந்தக் காரியமும் செய்ததில்லை. சும்மா இருப்பது மரியாதையாக இருக்காது என்று சென்னியப்பன் நினைத்தார். குருவிடம் கேட்கிற மாதிரி எதையாவது கேட்டு வைக்க வேண்டும்.

"சாமி, மனசுல படிஞ்ச அழுக்கும் இப்படிக் குலுக்குனாத்தான் போகுமுங்களா?"

"கார்க்கை அமுக்கிப் பிடிங்கண்ணா. கழண்டுக்கப் போகுது."

கார்க் கழன்றது. புளித்தண்ணீர் சென்னியப்பனின் வேட்டியில் பாய்ந்தது.

மூன்றாம் நாள் சென்னியப்பனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்துக் காட்டை உழுதுகொண்டிருந்த வெள்ளியங்கிரி வேலியோரம் டிராக்டரை நிறுத்தினார்.

"ஏனுங்க சென்னியப்பண்ணா, எத்தனை நாளைக்கு ஆட்டுவீங்க? என்ற டிராக்டர் சக்கரத்துல கட்டி உடுங்க. நான் உழுது முடிக்கறதுக்குள்ள அது கழுவி முடிச்சிருக்கும்."

சென்னியப்பன் சின்னச்சாமியைப் பார்த்தார். சின்னச்சாமி தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளியங்கிரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

டேங்கைப் பழைய கம்பளியில் சுற்றினார்கள். கம்பளி நழுவியது. சென்னியப்பன் தன் காவித் துண்டை அவிழ்த்து அதன் மேல் இறுக்கிக் கட்டினார். பெரிய சக்கரத்தில் டேங்கைக் கயிறு போட்டுப் பிணைத்தார்கள். டிராக்டர் கிளம்பியது. காவி உருண்டை மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது.

அடுத்த காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"என்னடி அது, காவி கட்டி உருளுது?"

"நந்தியாட்டம் இருக்குது."

"நந்தி எதுக்குடி உருளுது?"

"வேண்டுதலா இருக்கும்."

மத்தியானத்துக்குள், குருபூஜை நல்லபடியாக நடக்க வேண்டும் என்று நந்தி அங்கப்பிரதட்சணம் செய்வதாக ஊரெல்லாம் செய்தி போய்விட்டது. சாயங்காலம் சென்னியப்பன் போய்ப் பார்த்தபோது, டிராக்டருக்குப் பின்னால் உழவுசாலில் நாலைந்து பேர் ஈர வேட்டியோடு உருண்டுகொண்டிருந்தார்கள். வெள்ளியங்கிரி வண்டியை நிறுத்தப் பயந்து ஓட்டிக்கொண்டே இருந்தார்.

சென்னியப்பன் மடத்துக்கு ஓடினார்.

"சாமி, டேங்க் கழுவறோம்னு அவங்ககிட்டச் சொல்ல வேண்டாமுங்களா?"

"எதுல உருள்றாங்க?"

"உழுத காட்டுலீங்க."

"மெத்துன்னுதான் இருக்கும். முடிச்சுட்டு வரட்டும்."

அன்று டேங்கைக் கவிழ்த்தபோது உள்ளே இருந்த துரு முழுவதும் கறுப்புக் குழம்பாக வெளியே வந்தது. சென்னியப்பன் நல்ல தண்ணீரில் அலசினார். டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே வெள்ளிக் கிண்ணம் போல இருந்தது. செங்கமலத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். டேங்கை ஒரு பலகையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் பார்த்தார். உள்ளே எல்லாம் மஞ்சள் பூசியது போல இருந்தது. விரலை விட்டுத் தடவினார். துரு.

ஈரோட்டில் மஞ்சளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர், இங்கே அதே நிறத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"நேத்துத்தானுங்க சுத்தம் பண்ணுனேன் சாமி. ஒரே ராத்திரியில எப்படீங்க மறுபடியும் வரும்?"

"ராத்திரி உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. காலியா வெச்சிருந்தேன்."

"காலியா வெச்சா அப்படித்தான். எது வேணா வந்து உக்காந்துக்கும்."

ஜபருல்லாவும் அதையேதான் சொன்னார். கொஞ்சம் திட்டிச் சொன்னார். "கழுவுன உடனே வெயில்ல சுடச்சுடக் காய வெச்சு எண்ணெய் தடவோணுமுங்க. ஈரத்தோட போட்டுட்டுத் தூங்குனா?"

மறுபடியும் புளி. மறுபடியும் செங்கமலம். மறுபடியும் டிராக்டர். இந்தத் தடவை உருள இருபது பேர் வந்திருந்தார்கள். வெள்ளியங்கிரி மறுநாளே அந்தக் காட்டில் விதைத்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு வியாழக்கிழமை வந்தது. சென்னியப்பன் விடியற்காலையில் பழக்கதோஷத்தில் குடத்தோடு கொட்டகைக்குப் போனார். அங்கே வண்டி இருந்தது, டேங்க் இல்லை. அது சமையல்கட்டு அடுப்போரம் காய்ந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் இல்லை. கொஞ்ச நேரம் வெறும் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடத்துத் தண்ணீரை அரளிச் செடிக்கு ஊற்றிவிட்டுத் திரும்பினார்.

அன்று காலைப் பேச்சில் சின்னச்சாமி ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. சென்னியப்பன் கவனித்தார். காரணம் யோசிக்கவில்லை.

அவர் யோசித்தது வேறு. வண்டி ஓடினால் சின்னச்சாமி இருப்பார். ஓடாவிட்டால் போவார். குழாயை மாட்டும் இடத்தில் ஒரு துணித் துணுக்கைத் திணித்தால் போதும், யாருக்கும் தெரியாது. துணியும் கையிலேயே இருந்தது. டேங்கைப் பார்த்தார். உள்ளே மறுபடி வெள்ளி. அந்தத் துணியால் வெளிப்பக்கத்தையும் துடைத்து வைத்தார்.

குருபூஜை அன்று மடத்து முற்றம் நிறைந்திருந்தது. நாச்சிமுத்து டிரஸ்டுக்காரர்களோடு முன்வரிசையில் நின்றார். சின்னச்சாமி பாதக்குறட்டைப் பட்டுத்துணியில் வைத்து முன்னால் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். உதைத்தார்.

ஒன்றுமில்லை.

மறுபடி உதைத்தார். நந்தி ஒரு தடவை தும்மியது. அடுத்த உதையில் கிளம்பிவிட்டது. முற்றம் அதிர்ந்தது. பெண்கள் குலவை இட்டார்கள். சென்னியப்பனின் கண் நிறைந்தது. ஓடக்கூடாது என்று நினைத்த அதே ஆள்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அது தெரிந்தது. டேங்கின் பின்மூலையில், சீட்டுக்குச் சற்று முன்னால், ஒரு சொட்டு. அது விழுந்தது. இன்னொன்று திரண்டது. பெட்ரோல்.

அவர் மட்டும்தான் பார்த்தார். சின்னச்சாமி கியர் போட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றால் நந்தி பாதி வழியில் காய்ந்து நிற்கும். அல்லது கொதிக்கிற எஞ்சினில் சொட்டி, அதற்கு மேலும் ஏதாவது நடக்கும்.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் சென்னியப்பன்.

சின்னச்சாமி எஞ்சினை அணைத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"நந்தி அழுகுது" என்றது ஒரு குரல்.

"பெரியசாமியை நெனைச்சு அழுகுது."

கூட்டம் முண்டியது. ஒருவர் சொட்டை விரலில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிக்கொண்டதும் அவரும் அழுதார். எரிந்திருக்கும். நாச்சிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆரத்தி கொண்டாங்க" என்றார். ஒரு பெண் எரிகிற கற்பூரத் தட்டோடு டேங்கை நோக்கி வந்தார்.

சென்னியப்பன் பாய்ந்தார். அந்த வயதில் அவ்வளவு தூரம் பாய்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தட்டைப் பிடுங்கி அண்டாத் தண்ணீரில் எறிந்தார்.

"கண்ணீரும் இல்லே, மண்ணும் இல்லே! பெட்ரோல்! அக்கட்டப் போங்க எல்லாரும்!"

கூட்டம் நாலடி பின்னால் நகர்ந்தது.

"என்னங்க சென்னியப்பண்ணா?" என்றார் நாச்சிமுத்து. "நந்தி சாமியை ஏத்துக்கலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான்."

"அப்ப இது சகுனம் இல்லீங்களா?"

"துருங்க." சென்னியப்பன் நிமிர்ந்தார். "வாராவாரம் தண்ணி ஊத்துனது நான். மூடியைத் தொறந்து தொறந்து கெடுத்தது நான். அதுல சின்னச்சாமி பண்ணுனது ஒண்ணுமில்லீங்க."

இந்தத் தடவை 'சின்ன'வில் அழுத்தம் இல்லை.

ஜபருல்லா படுத்து அடியில் பார்த்தார். "ஊசி ஓட்டைங்க. முந்தியே இருந்திருக்கும். துருதான் அடைச்சுட்டு இருந்திருக்குது. கழுவுனதுல தெறந்துருச்சு. நாளைக்கு ஈயத்துல பத்த வெச்சு அடைச்சுத் தாரேன். இப்போதைக்கு ஒரு கட்டிச் சோப்பு குடுங்க. அழுத்தித் தேய்ச்சா நிக்கும்."

"சோப்பு கரைஞ்சுராதுங்களா?"

"பெட்ரோல்ல கரையாதுங்க. தண்ணியிலதான் கரையும்."

மடத்தில் எல்லோரும் அரப்பு இலைப்பொடி தேய்த்துக் குளிப்பவர்கள். துணிக்குச் சோப்புத்தூள். கடை மூன்று மைல் தள்ளி இருந்தது. செங்கமலம் உள்ளே போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். வந்தவர் சென்னியப்பனின் இடுப்புச் சாவியைப் பார்த்தார்.

மடத்தில் ஒரே ஒரு கட்டிச் சோப்பு இருந்தது. கடைசிக் காலத்தில் பெரியசாமிக்குத் தோல் அரிப்பு வந்தபோது டாக்டர் சொல்லி வாங்கியது. பாதி தேய்ந்து பிறை போல இருக்கும். நினைவறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், பட்டுத்துணியின் மேல் இருந்தது. சென்னியப்பன் தினமும் அதற்குப் பூ வைப்பார். வேறு யாரையும் தொட விட்டதில்லை.

"வேற எதாச்சும் வெச்சு அடைக்க முடியாதுங்களா?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டமுங்க" என்றார் ஜபருல்லா.

சின்னச்சாமி வண்டியைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சென்னியப்பன் உள்ளே போனார். கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது உள்ளங்கையில் சோப்பு இருந்தது. யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு நுனியை ஒடித்து, விரலால் பிசைந்து, தானே தேய்த்தார். சொட்டு நின்றது.

"மேல போற வரைக்கும் ஒருத்தர் விரலை வெச்சு அமுக்கீட்டே போகோணும்" என்றார் ஜபருல்லா. "ரோடு அப்படி. குலுங்குனாப் பேந்துக்கும்."

"ஏறுங்கண்ணா" என்றார் சின்னச்சாமி.

சென்னியப்பன் பின்னால் ஏறினார். பின்சீட்டில் இருப்பவர் டேங்கின் மூலையை எட்ட ஒரே வழிதான் உண்டு. ஓட்டுகிறவரை இரண்டு கையாலும் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டார்.

நந்தி கரட்டுப் பாதையில் ஏறியது. குலுங்க நேரும் இடத்தில் எல்லாம் குலுங்கியது. குலுங்கும்போதெல்லாம் சென்னியப்பனின் பிடி இறுகியது. எஞ்சின் சூட்டில் சோப்பு மணத்தது. மூன்று வருடமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மணம். பெரியசாமி குளித்துவிட்டு வரும் மணம். சென்னியப்பன் சின்னச்சாமியின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

கீழே நின்ற செங்கமலம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மூணு வருசமா மொறைச்சுட்டு இருந்துட்டு, இப்பப் பாரு கூத்தை" என்றார்.

உச்சியில் பாதக்குறட்டை இறக்கி வைத்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள், வண்டிக்கு வெகு தூரத்தில். கும்பிட்டார்கள். கீழே மடம் சிறிதாகத் தெரிந்தது. தகரக் கொட்டகையும், அதை ஒட்டிய சுவரும், சுவருக்கு அந்தப் பக்கம் சின்னச்சாமியின் அறையும் தெரிந்தன.

சென்னியப்பன் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கொட்டகைக்கும் அறைக்கும் நடுவில் அந்த ஒரு சுவர்தான் இருந்தது. அதில் மேலே ஒரு சன்னலும் இருந்தது.

"சாமி."

"சொல்லுங்கண்ணா."

"உங்க கட்டில் எந்தப் பக்கமுங்க?"

"சன்னலுக்கு அடியில."

"நான் நந்திகிட்ட வியாழக்கெழமை வியாழக்கெழமை என்ன வேண்டிட்டு இருந்தேன்னு…"

"'இந்தச் சின்னப் பையனைச் சீக்கிரம் அனுப்பி வையி நந்தி.' முதல்ல அவ்வளவுதான். அப்புறம் 'பொழுதன்னைக்கும் கொட்டாவி உடறான்'னு சேத்துக்கிட்டீங்க."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"நீங்க நந்திகிட்ட ரகசியமாச் சொல்றீங்க. நடுவுல நான் பேசுனா நல்லாவா இருக்கும்?"

காற்று அடித்தது. கீழே இருந்து குலவைச் சத்தம் கேட்டது. சென்னியப்பன் விரலில் ஒட்டியிருந்த சோப்பைப் பார்த்தார். துடைக்கவில்லை.

"இனி வியாழக்கெழமை நான் என்னங்க பண்ணட்டும்?"

சின்னச்சாமி பாதக்குறட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார். பின்சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"டேங்கை வாய் வரைக்கும் பெட்ரோல் ஊத்தி நெரப்பி வெச்சுருங்கண்ணா. நெறைஞ்சிருந்தாத் துருப்பிடிக்காது. உள்ள முழக்கமும் வராது." கிக்கரில் காலை வைத்தார். "எனக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்."